வெட்டுப்புள்ளியும் நம் பிள்ளைகளும்

(வெள்ளவத்தையில் பெற்றோருக்கும் உயர்தர மாணவர்களுக்கும் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்துவடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரே சொல்லில் அடங்கிவிடும். "கிடைக்குமா?" இதுதான் பொருள். பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் கிடைக்குமா? மருத்துவம் கிடைக்குமா? பொறியியல் கிடைக்குமா? கொழும்பிலேயே கிடைக்குமா, வெளியூர் போக வேண்டி வருமா?

உயர்தரப் பெறுபேறு வெளியாகும் நாளில் இந்த ஊரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒவ்வோர் ஒழுங்கையிலும், மாடிக்கு மாடி, ஒரு பிள்ளை தொலைபேசியில் சுட்டெண்ணை அடித்துவிட்டுக் காத்திருக்கும். கொட்டாஞ்சேனையிலும் அப்படித்தான், ஜம்பட்டா வீதியிலும் அப்படித்தான். திரையில் மூன்று எழுத்துகள் வரும். ஒரு தசம எண் வரும். மாவட்ட நிலை, தீவு நிலை என்று இரண்டு இலக்கங்கள் வரும். அதைப் பார்த்து முடிக்க முன்னமே ரொறன்ரோவிலிருந்து சித்தப்பா எடுப்பார், லண்டனிலிருந்து மாமி எடுப்பார். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "கிடைக்குமோ?"

அந்தக் கேள்விக்கு நம்மிடம் இரண்டு பதில்கள் எப்போதும் தயாராக இருக்கின்றன. "மூன்று ஏ தானே, யோசியாதேங்கோ, கட்டாயம் கிடைக்கும்" என்பது ஒன்று. "கொழும்பிலோ? அது சரிவராது, வெளிநாட்டைப் பாருங்கோ" என்பது மற்றது. முதலாவதைச் சொல்பவர் அன்பில் சொல்கிறார். இரண்டாவதைச் சொல்பவர் பயத்தில் சொல்கிறார். இரண்டு பேரும் கணக்குப் பார்த்துச் சொல்லவில்லை. நான் இன்று கேட்பது, தயவுசெய்து கணக்குப் பாருங்கள் என்பதுதான். அந்தக் கணக்கு பிள்ளையின் மதிப்பைச் சொல்லாது. ஒரு வரிசையில் பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறது என்பதை மட்டும் சொல்லும். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் நம் வீடுகளில் இவ்வளவு கண்ணீர்.

ஏன் குழப்பிக்கொள்கிறோம்? அதற்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றைத் தொடாமல் கொழும்புத் தமிழர்களிடம் வெட்டுப்புள்ளியைப் பற்றிப் பேச முடியாது.

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. அதற்கு உழைத்த கன்னங்கராவை இந்த நாட்டின் எல்லா மொழிப் பிள்ளைகளும் நன்றியோடு நினைக்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்குள் போவதற்குப் பரீட்சைப் புள்ளிதான் அளவுகோலாக இருந்தது. பிறகு 1971இல் என்ன நடந்தது? அந்த ஆண்டு அனுமதியில் மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மூலம் எழுதிய மாணவருக்கு 400க்கு 250 புள்ளி தேவைப்பட்டது. சிங்களமொழி மூலம் எழுதிய மாணவருக்கு 229 போதும் என்று வைக்கப்பட்டது. ஒரே பீடம், ஒரே பாடம், மொழிக்கு மொழி வேறு வாசல். இதைத்தான் தரப்படுத்தல் என்று நம் பெற்றோர் சொன்னார்கள். 1974இல் மாவட்ட அடிப்படையும் சேர்ந்துகொண்டது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளும் கொழும்புத் தமிழ்ப் பிள்ளைகளும் அந்த ஆண்டுகளில் இழந்த இடங்கள் வெறும் இடங்களாக இருக்கவில்லை. ஒரு தலைமுறைக்கு இந்த நாட்டின் மேல் இருந்த நம்பிக்கை அதோடு போயிற்று. பின்னால் வந்த எத்தனையோ கோபங்களுக்கு அங்கே ஒரு வேர் இருக்கிறது.

அந்தக் காயம் உண்மையானது. அதைச் சிறிதாக்கிப் பேச நான் வரவில்லை. ஆனால் மாணவச் செல்வங்களே, நீங்கள் இன்று எழுதும் பரீட்சைக்கு மொழிக்கு ஒரு வெட்டுப்புள்ளி கிடையாது. தாத்தா சந்தித்த வாசலை மனதில் வைத்துக்கொண்டு பேரப்பிள்ளையின் வாய்ப்பைக் கணித்தால் கணக்குப் பிழைக்கும். இன்றைய முறை வேறு. அதில் குறை இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. இரண்டையும் பார்ப்போம்.

முதலில் இசட் புள்ளி. 2001இல் இருந்து இதுதான் நடைமுறை. பல வீடுகளில் இதை ஏதோ மந்திர எண் என்று நினைக்கிறார்கள். மந்திரம் ஒன்றும் இல்லை, ஒரு கழித்தலும் ஒரு வகுத்தலும்தான்.

ஒரு பிள்ளை பௌதிகவியலில் 72 எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு பௌதிகவியல் வினாத்தாள் கடினம். நாடு முழுவதும் எழுதியவர்களின் இடை 42. நியமவிலகல், அதாவது புள்ளிகள் இடையிலிருந்து எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்ற அளவு, 15. 72இலிருந்து 42ஐக் கழித்தால் 30. 30ஐ 15ஆல் வகுத்தால் 2. அதுதான் அந்தப் பாடத்தில் பிள்ளையின் இசட் புள்ளி. அதே பிள்ளை இன்னொரு பாடத்திலும் 72 எடுக்கிறது. அந்த வினாத்தாள் இலகு, இடை 57, விலகல் அதே 15. 72இலிருந்து 57 போனால் 15. பதினைந்தைப் பதினைந்தால் வகுத்தால் 1. பார்த்தீர்களா? புள்ளி ஒன்றுதான், ஏ, பி என்ற எழுத்தும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் ஒரு பாடத்தில் 2, மற்றதில் 1. மூன்று பாடத்திலும் இப்படிப் பார்த்து, கூட்டி, மூன்றால் வகுத்து, நான்கு தசம தானத்துக்கு எழுதினால் அதுதான் திரையில் தெரியும் எண்.

இதிலிருந்து என்ன விளங்குகிறது? மூன்று ஏ எடுத்த எல்லோரும் ஒரே இடத்தில் நிற்கவில்லை என்பது விளங்குகிறது. தட்டித்தடவி ஏ எடுத்தவரும் ஏ, 95 எடுத்தவரும் ஏ. எழுத்துக்கு அது தெரியாது, இசட் புள்ளிக்குத் தெரியும். ஆகவே மூன்று ஏ எடுத்த பிள்ளைக்கு மருத்துவம் கிடைக்காமல் போனால் அதில் சூழ்ச்சி இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அந்தப் பிள்ளையில் குறையும் இல்லை. இன்னொன்றும் விளங்குகிறது: இலகுவான பாடமாகப் பார்த்து எடுத்தால் இசட் புள்ளி ஏறும் என்று சிலர் ஆலோசனை சொல்கிறார்களே, அது வெறும் கதை. பாடம் எல்லோருக்கும் இலகுவாக இருந்தால் இடையும் ஏறிவிடும்.

இந்த முறையும் பிழைபோகும், பிழைபோயிருக்கிறது. 2011 உயர்தரத்தில் பழைய பாடத்திட்டத்தில் எழுதியவர்களையும் புதிய பாடத்திட்டத்தில் எழுதியவர்களையும் ஒன்றாகக் கலந்து இசட் புள்ளி போட்டார்கள். வேறு வேறு வினாத்தாள் எழுதியவர்களுக்கு ஒரே இடை எப்படிப் பொருந்தும்? மாணவர்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2012 ஜூனில் அந்த இசட் புள்ளிகளை நீதிமன்றம் செல்லாதென்றது. இரண்டு பாடத்திட்டத்துக்கும் தனித்தனியாகக் கணிக்கச் சொன்னது. கணக்கு விளங்கிய பிள்ளைகளும் பெற்றோரும் இருந்தபடியால்தான் அது நடந்தது. கணக்கு விளங்காத சமூகம் அழும். எங்கே பிழை என்று காட்டத் தெரியாது.

இசட் புள்ளி நாடு முழுவதற்கும் ஒன்று. அடுத்துத்தான் மாவட்டம் வருகிறது. கொழும்பில் இருக்கும் நாம் கவனமாகக் கேட்க வேண்டிய இடம் இது.

மருத்துவம், பொறியியல் போன்ற கற்கைநெறிகளுக்கு உள்ள இடங்களில் 40 வீதம் தீவு முழுவதும் திறமை அடிப்படையில் போகிறது. 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகை விகிதத்தில் பிரிகிறது. மிகுதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகப் போகிறது. கணக்குக்காக ஆயிரம் இடம் என்று வைப்போம். 400 திறமைக்கு. 550 மாவட்டங்களுக்கு. 2012 குடிசன மதிப்பீட்டில் நாட்டின் சனத்தொகை ஏறக்குறைய 2 கோடி 3 இலட்சம். கொழும்பு மாவட்டத்தில் 23 இலட்சம் பேர். 550இல் கொழும்புக்கு வருவது சுமார் 63 இடம். நுவரெலியாவுக்கு 7 இலட்சம் பேருக்கு 19 இடம். யாழ்ப்பாணத்தில் 5 இலட்சத்து 83 ஆயிரம் பேர், 16 இடம். முல்லைத்தீவில் 92 ஆயிரம் பேர், அதற்கு இரண்டோ மூன்றோ.

63 என்பது பெரிய எண் மாதிரித் தெரியும். ஆனால் அந்த 63க்கு யார் போட்டி போடுகிறார்கள்? நாட்டின் பெயர்பெற்ற பாடசாலைகளில் பாதி இந்த மாவட்டத்தில் இருப்பது போல் இருக்கிறது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலில் தேர்ந்தெடுத்த பிள்ளைகள் தீவின் நாலா பக்கத்திலிருந்தும் இங்கே வந்து படிக்கிறார்கள். நீங்கள் எந்த மாவட்டக்காரர் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகள் நீங்கள் படித்த பாடசாலை. ஆகவே அவர்களும் கொழும்பு மாவட்டம்தான். அதனால் மருத்துவத்துக்குக் கொழும்பு வெட்டுப்புள்ளி பொதுவாக இரண்டை ஒட்டியே நிற்கிறது. பின்தங்கிய மாவட்டங்களில் அதைவிடக் கணிசமாகக் கீழே நிற்கிறது.

இது நியாயமா? இந்த மண்டபத்தில் பலர் மனதில் இந்தக் கேள்வி இருக்கிறது. நான் ஒளிக்காமல் என் எண்ணத்தைச் சொல்கிறேன்.

நுவரெலியா மாவட்டத்து ஹட்டனுக்குப் போய்ப் பாருங்கள். இரசாயனவியலுக்குத் தமிழில் கற்பிக்க ஆசிரியர் இல்லாமல் ஒரு வகுப்பு மாதக்கணக்கில் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு இருக்கும். தாய் கொழுந்து பறிக்கப் போவாள், தகப்பன் கொழும்பில் கடையில் நிற்பார். அந்தப் பிள்ளை 1.5 எடுத்தால் அது என்ன உழைப்பு! அந்தப் பிள்ளைக்கு வாசல் திறந்திருப்பது எனக்குப் பெருமை. மலையகத்திலிருந்து இன்று தமிழ் வைத்தியர்களும் பொறியியலாளர்களும் வருகிறார்கள் என்றால், அதில் இந்த மாவட்ட முறைக்கும் பங்கு உண்டு. 1974இல் வடக்கைக் காயப்படுத்திய அதே ஏற்பாடு இன்று தோட்டப்புறத்துத் தமிழ்ப் பிள்ளைக்குக் கைகொடுக்கிறது. இரண்டும் உண்மை. இரண்டையும் ஒன்றாக மனதில் வைத்திருக்க நாம் பழக வேண்டும்.

பிள்ளையைப் பெயருக்கு ஒரு பின்தங்கிய மாவட்டப் பாடசாலையில் பதிந்துவிட்டு இங்கே வகுப்புக்கு அனுப்பும் வேலையைச் சிலர் செய்கிறார்கள். அதைக் கெட்டித்தனம் என்று சொல்லக் கேட்கிறேன். அது கெட்டித்தனம் இல்லை. அது அந்த ஹட்டன் பிள்ளையின் கையிலிருந்து இடத்தைப் பறிப்பது.

அப்படியானால் குறை எங்கே? குறை கொட்டாஞ்சேனையில் இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் 'தோட்டம்' என்று நாம் சொல்லும் நெருக்கமான குடியிருப்பு ஒன்றில், ஒரே அறை வீட்டில், பொதுக் குழாயில் தண்ணீர் பிடித்துவிட்டு இரவு பத்து மணிக்குப் பிறகு சத்தம் அடங்கின பின்புதான் புத்தகம் திறக்க முடிகிற ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். தகப்பன் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறார். அந்தப் பிள்ளைக்கும், கறுவாத்தோட்டத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் வீட்டுக்கு ஆசிரியர் வரும் பிள்ளைக்கும் வெட்டுப்புள்ளி ஒன்று. ஏன்? இருவரும் கொழும்பு மாவட்டம். வரைபடத்தைப் பார்த்து வசதியை அளக்கும் முறைக்கு ஒரே தெருவின் இரண்டு பக்கங்கள் தெரியாது. மாவட்ட முறையில் நான் காணும் பெரிய அநியாயம் இதுதான். இது தமிழ்ப் பிள்ளைக்கு மட்டும் நடக்கும் அநியாயமும் இல்லை. அதே தோட்டத்தில் அடுத்த கதவில் இருக்கும் சிங்களப் பிள்ளைக்கும் முஸ்லிம் பிள்ளைக்கும் இதே கதிதான்.

வேறு வழி உண்டா? உண்டு. தமிழ்நாட்டில் 2020இல் ஒரு சட்டம் செய்தார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்து, மருத்துவத்துக்கான நீட் நுழைவுத் தேர்விலும் தகுதி பெற்ற பிள்ளைகளுக்கு மருத்துவ இடங்களில் 7.5 வீதம் ஒதுக்கினார்கள். எந்த மாவட்டம் என்று அவர்கள் கேட்கவில்லை, எந்தப் பள்ளி என்று கேட்டார்கள். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் 1997இலேயே இன்னொரு வழி கண்டது: ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளியிலும் முதல் பத்து வீதத்துக்குள் வரும் மாணவருக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம். ஏழைப் பேட்டையில் உள்ள பள்ளியாக இருந்தாலும் அங்கே முதலில் நிற்பவருக்கு வாசல் திறக்கும். இரண்டிலும் குறைகள் இருக்கும். ஆனால் மாவட்டத்துக்குள்ளேயே பாடசாலைகளின் வசதியைப் பார்த்து எடைபோடும் ஒரு முறையைப் பற்றி நாம் பேசத் தொடங்கவாவது வேண்டும். மூன்று சமூகங்களின் பெற்றோரும் சேர்ந்து கேட்கக்கூடிய கோரிக்கை இது.

அது மாறும்வரை என்ன செய்வது? இந்த ஆண்டு எழுதும் பிள்ளை சட்டம் மாறும்வரை காத்திருக்க முடியாது. ஆகவே இருக்கிற முறைக்குள் வாய்ப்பை எப்படிக் கணிப்பது என்று பார்ப்போம்.

பலர் போன ஆண்டு வெட்டுப்புள்ளியை வாசலில் அடித்த ஆணி மாதிரி நினைக்கிறார்கள். காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ் காலையில் நிறைந்து போகிறதே, அதில் கடைசியாக ஏறினவர் எந்த நிறுத்தத்தில் ஏறினார் என்று கேட்டால், வெட்டுப்புள்ளி அந்தத் தகவல்தான். போன ஆண்டு கடைசியாக இடம் கிடைத்தவரின் இசட் புள்ளி அது. நாளைக்குக் கூட்டம் கூடலாம், குறையலாம், பஸ் இரண்டாகவும் வரலாம். ஆகவே ஒரு ஆண்டைப் பார்க்காதீர்கள். உங்கள் மாவட்டத்துக்கு, நீங்கள் விரும்பும் கற்கைநெறிக்கு, கடந்த நாலைந்து ஆண்டு வெட்டுப்புள்ளிகளை ஒரு தாளில் எழுதுங்கள். மிகக் கூடியது எது, மிகக் குறைந்தது எது? உங்கள் புள்ளி எல்லாவற்றுக்கும் மேலே நின்றால் நிம்மதியாகத் தூங்கலாம். எல்லாவற்றுக்கும் கீழே நின்றால் வேறு வழியை இன்றே பார்க்கத் தொடங்கலாம். நடுவில் நின்றால், இப்போது சொல்ல முடியாது என்பதுதான் நேர்மையான பதில். அந்தப் பதிலைப் பிள்ளைக்குச் சொல்லும் துணிவு நமக்கு வேண்டும். "கட்டாயம் கிடைக்கும்" என்று அள்ளிவிடுவதைவிட அது பெரிய அன்பு.

இன்னொன்று. மாவட்ட நிலையைக் கவனியுங்கள். இசட் புள்ளி ஆண்டுக்கு ஆண்டு அசையும். ஆனால் நம் மாவட்டத்திலிருந்து மருத்துவத்துக்கு வழக்கமாக எத்தனை பேர் போகிறார்கள் என்பது அவ்வளவு அசையாது. மாவட்டத்தில் எத்தனையாம் ஆள் என்பது அதனால் பல வேளைகளில் உறுதியான தடயம். உங்களுக்கு மேலே நிற்பவர்களில் சிலர் திறமை அடிப்படையில் போய்விடுவார்கள், சிலர் வேறு கற்கைநெறியை விரும்புவார்கள், சிலர் வெளிநாடு போவார்கள். முதல் பட்டியலுக்குப் பிறகு வெற்றிடங்களை நிரப்பும்போது வெட்டுப்புள்ளி கொஞ்சம் இறங்கும். முதல் பட்டியலில் பெயர் இல்லை என்றவுடன் கதவைப் பூட்டிக்கொண்டு அழும் பிள்ளையை எழுப்பி இதைச் சொல்லுங்கள்.

அடுத்தது விண்ணப்பம். ஒரு பிள்ளைக்கு உண்மையில் இழப்பு நடக்கும் இடம் இது. நமது மக்கள் பரீட்சைக்கு இரண்டு வருஷம் ஆயத்தம் செய்கிறார்கள், விண்ணப்பத்துக்கு இரண்டு மணித்தியாலம்கூடக் கொடுப்பதில்லை.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் ஒரு கைநூல் வெளியிடுகிறது. ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் ஒவ்வொரு கற்கைநெறிக்கும் தனித்தனிக் குறியீடு அதில் உண்டு. கொழும்பில் மருத்துவம் ஒரு குறியீடு, யாழ்ப்பாணத்தில் மருத்துவம் இன்னொன்று, கிழக்கில் மருத்துவம் வேறொன்று. வெட்டுப்புள்ளியும் ஒன்றுக்கொன்று வேறு. "வீட்டிலிருந்து போய்வரலாம்" என்று கொழும்பையும் ஸ்ரீ ஜயவர்தனபுரத்தையும் களனியையும் மட்டும் எழுதிவிட்டு நிறுத்தும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பேராதனையை எழுதினால் கிடைத்திருக்கும், யாழ்ப்பாணத்தை எழுதினால் கிடைத்திருக்கும், மட்டக்களப்பை எழுதினால் கிடைத்திருக்கும். எழுதவில்லை. எழுதாத இடத்தைக் கணினி எப்படிக் கொடுக்கும்?

ஒரு பயமும் இருக்கிறது: "முதலாவதாகப் பெரியதைப் போட்டால், அது கிடைக்காவிட்டால், கீழே உள்ளதும் போய்விடும்." போகாது. இசட் புள்ளி ஒழுங்கில்தான் இடங்கள் நிரம்புகின்றன. உங்கள் முறை வரும்போது உங்கள் பட்டியலில் மேலிருந்து கீழாகப் பார்த்து, உங்கள் புள்ளிக்குக் கிடைக்கக்கூடியதில் நீங்கள் அதிகம் விரும்பியது எதுவோ அதுதான் கிடைக்கும். ஆகவே உண்மையில் விரும்புகிற ஒழுங்கிலேயே எழுதுங்கள். எது கிடைக்கும் என்று யோசித்து ஒழுங்கை மாற்றாதீர்கள். கணித்துப் பார்ப்பதெல்லாம் பட்டியல் எவ்வளவு நீளமாக இருக்க வேண்டும் என்று தெரிவதற்காகத்தான்.

உயிரியல் பிரிவுப் பிள்ளைக்கு மருத்துவம் ஒன்றுதானா? பல் மருத்துவம், கால்நடை மருத்துவம், விவசாயம், தாதியியல், மருந்தாளர் கற்கை, இயன்மருத்துவம், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் எல்லாம் உண்டு. சித்த மருத்துவம் யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் உண்டு. இவற்றில் ஒன்றைக்கூட அறியாமல் பெறுபேறு நாள்வரை பிள்ளை வந்துவிடுகிறது என்றால், குற்றம் பிள்ளையிலா, நம்மிலா?

பெறுபேற்றுக்கு முன்னால் வாய்ப்பைக் கணிக்க முடியுமா என்று கேட்கிறீர்கள். ஓரளவு முடியும், நேர்மையாகச் செய்தால். ஒரு தனியார் வகுப்பில் முந்நூறு பேரில் ஐந்தாவதாக வந்தால் அது அந்த வகுப்பின் வரிசை, மாவட்டத்தின் வரிசை இல்லை. இரசாயனவியலில் முதலாம் பத்திரத்தை எடுங்கள்: 50 பல்தேர்வு வினாக்கள், இரண்டு மணித்தியாலம். பழைய பரீட்சை வினாத்தாள் ஒன்றை, இதற்கு முன் பார்க்காத ஒன்றை, மணிக்கூட்டை வைத்து, தொலைபேசியை வேறு அறையில் வைத்து, ஒரே இருப்பில் செய்யட்டும். விடைத்தாளைப் பிள்ளை திருத்தக் கூடாது, இன்னொருவர் திருத்தட்டும். இப்படி நாலைந்து ஆண்டு வினாத்தாள் செய்தால் பிள்ளை எங்கே நிற்கிறது என்று ஆசிரியருக்கு நன்றாகத் தெரிந்துவிடும். எத்தனையாவது வினாவுக்குப் பிறகு நேரம் போதாமல் குருட்டாம்போக்கில் புள்ளடி இடத் தொடங்குகிறது என்றுகூடத் தெரியும். அந்த இடத்தைத்தான் திருத்த வேண்டும். இன்னொரு வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்ப்பதால் அது திருந்தாது.

வகுப்பு என்று சொன்னதால் ஒரு வார்த்தை. காலை பம்பலப்பிட்டியில் ஒரு வகுப்பு, பாடசாலை, பின்னேரம் வெள்ளவத்தையில் ஒரு வகுப்பு, இரவு மீள்பார்வை வகுப்பு. ஒரே பாடத்துக்கு இரண்டு ஆசிரியர். இந்தப் பிள்ளை எப்போது தனியாக உட்கார்ந்து யோசிக்கும்? தூங்குவது எப்போது? பெற்றோர்களே, உங்கள் பயத்துக்குக் கட்டணம் கட்டுகிறீர்கள். பிள்ளையின் நேரத்தைக் கொடுத்துக் கட்டுகிறீர்கள்.

பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரத்துக்கு மூன்று தடவை தோற்றலாம். "செக்கண்ட் ஷை எடுக்கலாமா?", அதாவது இரண்டாம் தடவை எழுதலாமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். சில வேளை எடுக்கலாம். முதல் தடவை வெட்டுப்புள்ளிக்கு மிகக் கிட்டவாக நின்று, எந்தப் பாடம் இழுத்துவிட்டது என்று தெளிவாகத் தெரிந்தால், எடுங்கள். மூன்று பாடமும் தூரத்தில் நின்றால், அதுவும் பிள்ளைக்கே விருப்பம் இல்லாமல் வீட்டின் மானத்துக்காக என்றால், வேண்டாம். ஒரு வருஷம் என்று சொல்கிறோம், அது ஒரு வருஷமாக இருப்பதில்லை. 2022க்குரிய உயர்தரம் 2023 ஜனவரியில்தான் தொடங்கியது, 2023க்குரியது 2024 ஜனவரியில். பெறுபேறு, வெட்டுப்புள்ளி, பதிவு என்று ஒவ்வொன்றுக்கும் காத்திருந்து பீடத்துக்குள் கால் வைக்கும்போது சில பிள்ளைகளுக்கு இருபத்தொன்று, இருபத்திரண்டு வயதாகிவிடுகிறது. முதல் தடவைப் பெறுபேற்றில் ஏதாவது கற்கைநெறி கிடைத்தும் மறுபடி எழுத நினைப்பவர்கள், பதிவுசெய்ய முன்னர் அதுபற்றிய விதியைக் கைநூலில் வரிவரியாக வாசியுங்கள். பக்கத்து வீட்டு அண்ணாவிடம் கேட்டு முடிவெடுக்காதீர்கள்.

மற்ற வாசல்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதற்குத் தனியே ஒரு மாலை வேண்டும். ஆண்டுதோறும் பல்கலைக்கழகத்துக்குத் தகுதிபெறுவோர் இலட்சத்துக்கு மேல், உள்ளே போவோர் நாற்பதாயிரத்துச் சொச்சம். வெளியே நிற்கும் பெரும்பான்மையைத் தோற்றவர்கள் என்று எண்ணும் பழக்கத்தை விடுவோம். நாவலையில் திறந்த பல்கலைக்கழகம் 1980இலிருந்து இருக்கிறது. பட்டயக் கணக்கியல் இருக்கிறது. இதே வெள்ளவத்தையில் ராமகிருஷ்ண வீதியில் தகவல் தொழில்நுட்பம் படிக்கலாம், அதற்குப் பணம் வேண்டும் என்பதையும் மறைக்கவில்லை. மருத்துவத்துக்கு வெளிநாடு போக நினைப்பவர்கள் முகவரின் வண்ணத் துண்டுப்பிரசுரத்தை நம்பாமல், அந்தப் பல்கலைக்கழகத்தை இலங்கை மருத்துவச் சபை ஏற்றுக்கொள்கிறதா, திரும்பி வந்தால் எழுத வேண்டிய பரீட்சை எது என்று காணியை ஈடுவைக்க முன்னர் கேளுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இது பெற்றோருக்கு அல்ல, இந்த ஊரிலுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கும், பல்கலைக்கழகம் போய்வந்த இளைஞர்களுக்கும், பழைய மாணவர் சங்கங்களுக்கும். வெள்ளவத்தைப் பிள்ளைக்கு விண்ணப்பம் நிரப்பும்போது பக்கத்தில் யாராவது இருப்பார்கள், ஒரு அக்காவோ ஒரு மாமாவோ முன்னமே அந்த வழியால் போயிருப்பார்கள். கொட்டாஞ்சேனையில், மட்டக்குளியில், கிராண்ட்பாஸில் எத்தனையோ வீடுகளில் பல்கலைக்கழக வாசலைப் பார்த்த முதல் ஆளே அந்தப் பிள்ளையாகத்தான் இருக்கும். அதற்கு யார் சொல்லிக்கொடுப்பார்கள்? விண்ணப்பம் கோரும் நாட்களில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலை மண்டபத்தைக் கேட்டு வாங்குவோம். கொழும்பு மாவட்டத்தின் ஐந்தாண்டு வெட்டுப்புள்ளிகளைப் பெரிய எழுத்தில் அடித்துச் சுவரில் ஒட்டுவோம். கைநூலும் கணினியும் கொண்டுபோவோம். ஒரு பிள்ளைக்கு அரை மணித்தியாலம், பக்கத்தில் உட்கார்ந்து, குறியீடு குறியீடாகப் பார்த்து எழுதுவோம். எந்த மொழி பேசும் பிள்ளை வந்தாலும் உட்கார வைப்போம். வரக்கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு முன்னால் உள்ள பதிவேட்டில் பெயரையும், எந்தப் பாடத்தில் உதவ முடியும் என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள்.